வாலுள்ள புள்ளி

அத்தியாயம் பதினொன்று

சுற்றறிக்கை வந்து பதினைந்து நாளாகிறது. அந்தப் பதினைந்து நாளும் அண்ணிக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை.

சென்ற வாரம் பார்த்தோமே, அதே சுற்றறிக்கைதான். வரைபட ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அன்றோடு வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கல்யாணமானவர்களும் வேலையில் இருக்கலாம். ஆனால் சும்மா இல்லை. கணவரோ, கல்யாணம் ஆகும்வரை அப்பாவோ அண்ணனோ, ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதுவும் பதினைந்து நாளுக்குள். இன்று பதினைந்தாவது நாள். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் அந்தப் படிவத்தில் காய்கறி மடிக்கலாம்.

படிவம் பாப்பாவுடையது. இருபத்து நான்கு வயதாகி, அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அப்பா இல்லாத பெண். அண்ணன்தான் காப்பாளர். அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியார். வாத்தியாரின் மனைவிதான் நம்முடைய அண்ணி. பாப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தபால்காரர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

பாப்பாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். “வேலையை விட்டுடாதே” என்று அவரே சொன்னாராம். இதைப் பாப்பா இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டாள். மூன்று முறையும் அண்ணியின் வயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.

ஏன் எரியாது? ஏழு வருடத்துக்கு முன்னால் அதே ஆபீஸில், அதே வரிசையில், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் அண்ணி.

பாலமோ அணையோ, எது கட்டினாலும் முதலில் அங்கே காகிதத்தில்தான் கட்டுவார்கள். ஆண்கள் டிராப்ட்ஸ்மேன்கள். பென்சிலால் வரைவார்கள். பெண்கள் டிரேசர்கள். அந்தப் பென்சில் படத்தின்மேல் வழவழப்பான டிரேசிங் துணியை விரித்து, மசியால் நகல் எடுப்பார்கள். ஆண் பத்து வருடத்தில் தலைமை டிராப்ட்ஸ்மேன் ஆகலாம். பெண் முப்பது வருடம் எடுத்தாலும் டிரேசர்தான். படத்தின் மூலையில் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நகல் எடுத்தவள் பெயருக்குக் கட்டமே கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அண்ணி தன் ராஜினாமாவைத் தன் கையாலேயே எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ‘திருமணம்’ என்று ஒரே ஒரு சொல். வருங்காலக் கணவராக இருந்த வாத்தியார் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் ஒரு கமா போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன கருத்து.

அன்றைக்கு இந்தப் படிவம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. பாப்பாவுக்காக வந்து நிற்கிறது.

*

காலை ஏழு மணிக்குப் பாப்பா ஒரு காலில் செருப்போடு சமையலறை வாசலில் நின்றாள்.

“அண்ணி, இதுல அண்ணன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வெச்சிடுங்க. நேத்து கேட்டேன், பார்க்கலாம்னுட்டார். நீங்க சொன்னாத்தான் கேட்பார்.”

“நீயே கேளேன்.”

“அவர் குளிக்கப் போனா அரைமணி நேரம். அணை ஷீட் மலையாக் குவிஞ்சு கிடக்கு, ஏழரைக்கு ஸ்டூல்ல இல்லைன்னா லென்ஸ் என்னைக் கடிச்சுத் துப்பிடுவார்.” லென்ஸ் என்பது தலைமை டிராப்ட்ஸ்மேன். “நாலு நாலரைக்குள்ள ஆபீஸ்ல கொண்டாந்து கொடுத்துட்டா போதும். உங்களுக்குத்தான் வழி தெரியுமே.”

வழி தெரியும். எந்தப் படிக்கட்டில் எந்தப் படி ஆடும் என்றுகூடத் தெரியும். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள்.

பாப்பா இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டே, “சுவர்ல ஒரு ஷீட் மாட்டி வெச்சிருக்காங்கன்னு சொல்வேனே அண்ணி, புதுசா வர்ற பொண்ணுங்க பார்த்துக் கத்துக்கறதுக்கு. அதுல ஆத்துக்கரை ஒண்ணு வளைஞ்சு வரும். நேத்தும் அரைமணி நேரம் பார்த்தேன். அது மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குது. யார் எடுத்ததோ” என்றாள்.

மூன்று வருடமாக வாரத்துக்கு ஒரு முறையாவது பாப்பா அந்தச் சுவர் ஷீட்டைப் பற்றிப் பேசிவிடுவாள். மூன்று வருடமாக அண்ணியும் ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறாள். அது அண்ணி எடுத்த ஷீட். அந்த ஆற்றுக்கரைக்கு அவள் மூச்சை அடக்கியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. சொல்ல எத்தனையோ முறை வாய்வரை வந்தது. சொன்னால் பாப்பா பாவப்பட்டு ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை மட்டும் வேண்டாம் என்று அண்ணி வாயைக் கட்டிக்கொண்டாள்.

“நேரமாச்சு, கிளம்பு” என்றாள் இப்போதும்.

படிவத்தை அலமாரியில் கிடந்த பழைய செய்தித்தாள் மடிப்பில் வைத்தாள். வாத்தியார் வந்ததும் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தாள். அந்த நிமிடம்வரை அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நாம் நம்பித்தான் ஆகவேண்டும்.

வாத்தியார் குளித்துச் சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

“பாப்பா ஏதோ பேப்பர்ல கையெழுத்து வேணும்னாளே. கொடுத்திருக்காளா? குடு, போட்டுட்டுப் போறேன். இன்னைக்கு அடுத்த ஊர்ல பரீட்சை மேற்பார்வை, திரும்பி வர ஆறு மணி ஆயிடும்.”

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தாள். யாரும் கெஞ்சவில்லை, யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தங்கை ஒரு முறை கேட்டதற்குத் தானாகவே திறந்துகொண்டு நிற்கிற பேனா. தனக்கு ஒரு கமா போட்ட பேனா.

“கொடுக்கலையே” என்றாள்.

“மறந்துட்டாளா? சரி, அவ பாடு.”

மூடியைப் போட்டார். செருப்பை மாட்டினார். தெருமுனை திரும்பும்வரை அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

*

மகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டு வந்தபிறகு வீடு அண்ணிக்கு மட்டுமாக இருந்தது.

துணி துவைத்தாள். அலமாரிப் பக்கம் பார்க்காமல் துவைத்தாள். பிழிந்து உதறிக் காயப்போட்டாள். மனதுக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது, அதை நாம் மறைக்க வேண்டாம். அடுத்த மாதம் பாப்பாவும் ஸ்டூலை விட்டு இறங்குவாள். மை வாசனை போய் சோப்பு வாசனை வரும். யாராவது ‘நீங்க என்ன பண்றீங்க’ என்று கேட்டால், ‘வீட்டுலதான் இருக்கேன்’ என்று தரையைப் பார்த்துச் சொல்வாள். சொல்லட்டுமே. நான் சொல்லவில்லையா?

மதியம் பொறுக்கமாட்டாமல் படிவத்தை எடுத்து விரித்தாள்.

பாப்பாவின் கோணல் எழுத்து கட்டத்துக்குள் நிற்காமல் வெளியே காலை நீட்டிக்கொண்டிருந்தது. ‘பணியில் தொடர விரும்புவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அதற்குள், ‘எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது’ என்று எழுதியிருந்தாள்.

அண்ணிக்கு முகம் சூடாகிவிட்டது. பிடித்திருக்கிறதாம். இவளுக்கு மட்டும்தான் பிடித்ததா? எனக்குப் பிடித்ததா என்று ஒரு கட்டம் போட்டு யார் கேட்டார்கள்?

படிவத்தைக் கசக்கிப் போட்டுவிடலாம் என்றே கை போனது. அப்போதுதான் சுவரில் வாத்தியார் சவரம் செய்துகொள்ளும் சின்னக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். ராஜினாமாக் கொடுத்த அன்று பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அது. பெரியக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் பதினெட்டு வருடம் வேலையைக் காப்பாற்றியவள். “நல்லபடியா இரும்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வாய் வாழ்த்தியது. உதட்டோரத்தில் ஒரு நிம்மதி. ஒருத்தி கழிந்தாள் என்ற நிம்மதி. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அண்ணி வேலைக்காக அழவில்லை, அந்தச் சிரிப்புக்காகத்தான் அழுதாள்.

இப்போது அதே சிரிப்பு தன் முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அண்ணி கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். பாப்பாவின் ஸ்டூல் காலியானால் அதில் தான் உட்காரப் போவதில்லை. வேறு எவளோ உட்காருவாள். ஆற்றுக்கரையைப் பார்த்து யார் எடுத்ததோ என்று கேட்க ஒருத்தி குறைவாள். லாபம் அவ்வளவுதான். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து வெட்கமும் வந்துவிட்டது.

மணி மூன்றேகால். வாத்தியார் அடுத்த ஊரில். ஆறு மணிக்குமுன் வரமாட்டார்.

அவள் அறைக்குள் இரண்டு முறை நடந்தாள். மேசையில் மகளின் ரிப்போர்ட் தாள் கிடந்தது. நேற்று வாத்தியார் கையெழுத்துப் போட்டு வைத்தது. மகள் எடுத்துப்போக மறந்துவிட்டாள். மகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பவள் அண்ணி. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குத் தகப்பனார் கையெழுத்துத்தான் வேண்டும். போன மாதம் அவர் ஊரில் இல்லாதபோது அண்ணி போட்டனுப்பினாள். ‘தாயார் கையெழுத்து செல்லாது’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது.

மெல்லிய தாள் அது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும்.

அண்ணி தையல் பெட்டியைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் துணி சுற்றிய ஒரு பேனா. டிரேசர் பேனா. முள் இன்னும் துருப்பிடிக்கவில்லை. பிடிக்கவிடாமல் மாதம் ஒருமுறை துடைத்து வைப்பது அவளுக்கும் பெட்டிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

ரிப்போர்ட் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். அதன்மேல் படிவம். வெயில் பின்னாலிருந்து அடித்தது. வாத்தியாரின் கையெழுத்து படிவத்தின் கடைசிக் கோட்டில் வந்து நின்றது.

யோசிக்காதே, தாளில் இருப்பதை எடு. டிரேசருக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது ஒன்றுதான். யோசித்தால் கை நடுங்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வது டிராப்ட்ஸ்மேன் வேலை. ஒருமுறை தாளில் ஒட்டிச் செத்திருந்த எறும்பையும் ஒரு பெண் சேர்த்து எடுத்துவிட, பாலத்தின் நடுவில் ஆறு கால் முளைத்த கதை ஆபீஸில் பிரசித்தம்.

அண்ணி மூச்சை அடக்கினாள். பேனா இறங்கியது. ஏழு வருடம் பாத்திரம் தேய்த்த கை கொஞ்சமும் பிசகவில்லை. வளைவில் வளைந்து, நிமிர்ந்து, கடைசி இழுப்பு வரைக்கும் ஒரே ஓட்டம். பேனாவைத் தூக்கியபோது அவளுக்குச் செய்த தப்பு ஞாபகம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பெரிய சந்தோஷம்.

மை காய்ந்ததும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

ஆடும் படி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கூடத்தில் ஜன்னல் ஓரம் முழுக்க ஆண்களின் மேசைகள். பெண்களின் வரிசை கடைசியில், சுவர் ஓரம், பல்புகளுக்கு அடியில். மணி அடிக்கும்வரை பெண்கள் ஸ்டூலை விட்டு இறங்கக்கூடாது. ஆண்கள் தேநீர் டம்ளரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். பாப்பா தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் புருவத்தை உயர்த்தினாள். அண்ணி தலையை ஆட்டினாள். பாப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் அண்ணிக்கு மறுபடி சுருக்கென்று குத்தியது. என்ன செய்வது, குத்தத்தான் செய்கிறது.

லென்ஸ் தன் அறையில் இருந்தார். முடி நரைத்திருந்தது. கையில் அதே பூதக்கண்ணாடி. ஷீட் சரிபார்ப்பதற்கென்று எடுத்தது, இப்போது சம்பளச் சீட்டைக்கூட அதில்தான் படிக்கிறார் என்று பாப்பா சொல்வாள்.

“வாம்மா. ஏழு வருஷமாச்சா?”

“ஆச்சு சார்.”

படிவத்தை வாங்கினார். பழக்கதோஷத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கோணல் எழுத்தையெல்லாம் கடந்து கையெழுத்துக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

“உங்க வீட்டுக்காரர் என்ன பேனா வெச்சிருக்கார்?”

“சாதாரணப் பேனாதான் சார்.”

“சாதாரணப் பேனாவுல மனுஷன் அவசரத்துல கையெழுத்துப் போட்டா ஓரிடத்துல தடிக்கும், ஓரிடத்துல மெலியும். இது ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே தடிப்பு.” கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினார். “இதென்ன?”

“எது சார்?”

“இந்தப் புள்ளி.”

அண்ணி குனிந்து பார்த்தாள். கையெழுத்துக்கு மேலே ஒரு புள்ளி. நேற்று வாத்தியார் பேனாவை உதறியபோது ரிப்போர்ட் தாளில் தெறித்த மைத்துளி. தாளில் இருந்தது, எடுத்துவிட்டாள்.

“மை தெறிச்சிருக்கு” என்றாள்.

“தெறிக்கலை. வரைஞ்சிருக்கு. துளிக்கு ஒரு வால் இருந்திருக்கும் போல, அதையும் சேர்த்து அழகா வரைஞ்சிருக்கு.”

வெளியே ஒரு ஸ்டூல் கிறீச்சிட்டது. பாப்பாவின் வேலை, வாத்தியாரின் மானம், எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தன.

லென்ஸ் மேஜை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தார். டிரேசிங் துணியில் தப்பைச் சுரண்டி எடுக்கும் பிளேடு. புள்ளியை வாலோடு மெல்லச் சுரண்டினார். நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு ரப்பர் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

“உங்களுக்குப் பெரிய மனசு சார்.”

“மனசும் இல்லை, மண்ணும் இல்லை. அணைக்கு முன்னூறு ஷீட் நிக்குது. இருக்கிற கையையும் விட்டுட்டு நான் என்ன பண்றது?” ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். “இன்னொரு கை கிடைச்சா நல்லது. தற்காலிகமா ஆள் எடுக்கறோம். கல்யாணமானவங்களும் வரலாம்னு இப்ப வந்திருக்கே.”

அண்ணிக்கு நின்ற இடம் மறந்தது. “என்னையா சார்?”

“புதுசாச் சேர்ற பொண்ணு மாதிரிதான் சேரணும். பழைய சர்வீஸ் கணக்குல வராது.”

“ராணுவத்துக்குப் போயிட்டு வர்ற ஆம்பளைங்களுக்கு அப்படியே சேர்த்துத் தர்றீங்களே சார்.”

“அதுக்கு விதி இருக்கு.”

“கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா?”

“இல்லை.” அவர் இருமினார். “பெரியக்காவை வேற ஆபீஸுக்கு மாத்தியாச்சு. கடைசி வரிசைக்கு இப்ப உங்க பாப்பாதான் மூத்தவ. அவ கொடுக்கிற ஷீட்டைத்தான் நீ எடுக்கணும். சம்மதமா?”

கேட்டதுமே அண்ணியின் காது சிவந்தது. கோணல் எழுத்துக்காரிக்குக் கீழே. தன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளிடம் கைநீட்டி ஷீட் வாங்கவேண்டும். அவள் ‘நல்லா வந்திருக்கு அண்ணி’ என்று பாராட்டுவாள். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதவுக்கு வெளியே சுவரில் அந்த ஷீட் தெரிந்தது. மூலையில் வரைந்தவர் பெயருக்கான கட்டத்தில் லென்ஸின் பெயர் இருந்தது.

“அந்த ஷீட் உங்க பேர்ல இருக்கு சார்.”

“விதி அப்படிம்மா” என்றார் லென்ஸ். இந்த முறை பூதக்கண்ணாடியைத் துடைப்பதில் கவனமாகிவிட்டார்.

“படிவம் கொடுங்க” என்றாள் அண்ணி.

ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினார். “புதுசாச் சேர்றவங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம்தான் கடைசி. கணவர் கையெழுத்து வேணும். இதுல அவரே போடட்டும்மா. எனக்கும் வயசாகுது.”

*

ஆறு மணிக்குப் பாப்பா ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாள். மகள் அதைப் பறித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். வாத்தியார் ஆறேகாலுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார்.

அண்ணி பாப்பாவை முன்கூட்டியே ஒதுக்கி அழைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கால்மணி நேரமும் சமையலறையில் நின்று வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிவதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

“தேங்க்ஸ் அண்ணா.”

“எதுக்கு?”

“கையெழுத்துக்கு. முத்திரை குத்தியாச்சு. இனிமே என்னை யாரும் அசைக்க முடியாது.”

வாத்தியார் செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினார். “நான் எங்க போட்டேன்? காலையில பேனாவைத் திறந்துக்கிட்டே கேட்டேன். பேப்பரே கொடுக்கலைன்னுட்டா உங்க அண்ணி.”

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். வாத்தியாரும் பார்த்தார்.

“அப்ப யாரு போட்டது?” என்றாள் பாப்பா.

“நான்தான்” என்றாள் அண்ணி.

“என் கையெழுத்தையா?” வாத்தியாருக்குக் குரல் உயரவில்லை, இறங்கியது. “தெரிஞ்சா என் வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா? பசங்களைக் காப்பியடிக்க விடாம பார்த்துட்டு வரேன் நான், இன்னைக்குப் பூரா. வீட்டுல என் கையெழுத்தையே காப்பியடிச்சிருக்கே.”

பாப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது. “காலையில ஏன் அண்ணி இல்லைன்னு சொன்னீங்க?”

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அண்ணி கோத்து வைத்த வாக்கியமெல்லாம் அப்படிப்பட்டவைதான். எதுவும் வரவில்லை.

“பொறாமை பாப்பா” என்றாள். “உனக்கு வேலை தங்கப்போகுது, எனக்குத் தங்கலை. நீ கேட்டதும் உங்கண்ணன் பேனாவைத் திறந்தாரு, எனக்கு கமா போட்டாரு. உன் மாப்பிள்ளை வேலையை விடாதேங்கறாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. காலையில இருந்து மூணு மணி வரைக்கும் நீ இறங்கணும்னுதான் நினைச்சேன். அப்புறம் என் மூஞ்சியை எனக்கே பார்க்கப் பிடிக்கலை. அதான் ரிப்போர்ட் தாளை அடியில வெச்சு எடுத்தேன், தெறிச்ச புள்ளியையும் சேர்த்து.” நிறுத்திவிட்டு, “அந்தச் சுவர் ஷீட் என்னுது. அதையும் சொல்லிடறேன்” என்றாள்.

பாப்பா சமையலறை அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

“அது தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நம்ம சமையலறை டப்பா மேல பேர் எழுதி ஒட்டியிருக்கீங்களே, அந்த எழுத்தும் ஷீட்ல இருக்கிற எழுத்தும் ஒண்ணு. சேர்ந்த முதல் வாரமே தெரியும். நீங்களாச் சொல்வீங்கன்னு மூணு வருஷமா அதையே பேசிப் பார்த்தேன். நீங்க வாயே திறக்கலை.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அப்புறம் நானும் விட்டுட்டேன். எனக்கு மட்டும் பொறாமை இல்லைன்னு நினைச்சீங்களா? தினமும் அந்த ஆத்துக்கரைக்கு எதிர்ல உட்கார்ந்து வேலை பார்த்துப் பாருங்க. என்னமோ நான் எடுத்ததெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். அது அண்ணி எடுத்ததுன்னு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லலை. சொல்ல மனசு வரலை.”

இருவரும் ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்குமே கோபம் பாக்கி இருந்தது.

“காலையில செஞ்சது தப்புதான் அண்ணி. அதை நான் மறக்க நாளாகும்” என்றாள் பாப்பா.

“ஆகட்டும்.”

வாத்தியார் இடையில் புகுந்தார். “நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தப் படிவத்தைத் திருப்பி வாங்கு. நான் ஒழுங்கா வேற ஒண்ணுல போட்டுத் தரேன்.”

“இன்னைக்குத்தான் கடைசி அண்ணா. அஞ்சு மணியோட முடிஞ்சுது.”

அண்ணி பையைத் திறந்து இரண்டாவது படிவத்தை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, கோட்டுக்குள் ஒரு இம்மி பிசகாமல். காரணம் என்ற கட்டத்தில் பாப்பா எழுதியிருந்த அதே வாக்கியம்.

“உங்களுக்குப் போடணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா, இதுல போடுங்க.”

அவர் படித்தார். பெயரைப் படித்தார், மறுபடி மேலிருந்து படித்தார். பாப்பாவும் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

“இவளுக்குக் கீழேயா வேலை பார்க்கப் போறே?” என்றார்.

“ஆமா.”

“வீடு? குழந்தை?”

“கல்யாணத்துக்கு அப்புறம் பாப்பாவுக்கும் வீடு இருக்கும். காலையில அவகிட்ட இதைக் கேக்காமத்தானே பேனாவைத் திறந்தீங்க.”

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். விரல்களுக்கிடையே உருட்டினார். மூடி கழலவில்லை.

“சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல” என்றார். “யோசிச்சுச் சொல்றேன்.”

பேனா திரும்பவும் பைக்குள் போயிற்று. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அரைமணி நேரம் ஆகும்.

அண்ணி அசையாமல் நின்றாள். மேசையில் படிவம் இருந்தது. அதன் கடைசிக் கோடு காலியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி மகளின் ரிப்போர்ட் தாள் கிடந்தது.

பாப்பா அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், கோபம் தீராத முகத்தோடு, ஒரு விரலால் ரிப்போர்ட் தாளைத் தள்ளித் தள்ளிப் படிவத்தின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“புள்ளியை விட்டுட்டு எடுங்க” என்றாள்.